சேப்பாக்கத்தில் ரசிகர்களைப் படம் எடுக்க: எந்த சீட், எந்த நேரம், எந்த மேட்ச்

சேப்பாக்கம் போகிறேன் என்று சொன்னால் எல்லாரும் சொல்கிற யோசனை, பிட்ச் நேராகத் தெரிகிற ஸ்டாண்டில் டிக்கெட் எடு என்பதுதான். நல்ல யோசனைதான், ஆனால் எனக்குத் தேவை வேறு. நான் அங்கே போவது பாதி மேட்ச்சுக்காக, மீதிப் பாதி மேட்ச் பார்க்கிறவர்களைப் படம் எடுப்பதற்காக. விக்கெட் விழும்போது வாயைப் பொத்திக்கொள்கிற அம்மா, கேட்ச் மேலே போகும்போது மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிற ஒரு முழு வரிசை, விரலை மடித்து வாயில் வைத்து விசில் அடிக்கிற பெரியவர், இவர்களுக்காக. இந்தக் கண்ணோடு பார்த்தால் சேப்பாக்கத்து எம்.ஏ. சிதம்பரம் ஸ்டேடியம் எப்படிப்பட்ட இடம், எங்கே காசு கொடுக்கலாம், எங்கே வேண்டாம் என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை, அதனால் நானே எழுதிவிடுகிறேன். 2024 செப்டம்பரில் நடந்த வங்கதேச டெஸ்ட்டின் முதல் நாள், 2025 மார்ச் 28 அன்று நடந்த சென்னை பெங்களூரு ஐபிஎல் மேட்ச், இந்த இரண்டையும் வைத்துத்தான் பெரும்பாலும் பேசப்போகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரசிகர்களைப் படம் எடுக்க நான் போன மைதானங்களில் இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்கவில்லை. ஐந்துக்கு நாலரை. அந்த அரை ஏன் போனது என்பது கீழே வரும்.

எனக்கு இந்த ஆசை வந்ததற்குக் காரணம் அப்பா. 1999 ஜனவரி 31 அன்று அவர் சேப்பாக்கத்தில் இருந்தார். பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்ட்டின் நான்காம் நாள், இலக்கு 271, சச்சின் முதுகு வலியோடு 136 அடித்துவிட்டு சக்லைன் பந்தில் அவுட்டாகும்போது வேண்டியது 17 ரன், கையில் 3 விக்கெட். அடுத்த 4 ரன்னுக்குள் எல்லாம் முடிந்தது, 12 ரன்னில் தோற்றோம். இதெல்லாம் ஸ்கோர்கார்டில் இருக்கிறது. அப்பா சொல்வது ஸ்கோர்கார்டில் இல்லாதது. பக்கத்து சீட்டில் இருந்த ஒருவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார், திரும்ப மாட்டிக்கொண்டார், பாகிஸ்தான் டீம் மைதானத்தைச் சுற்றி வந்தபோது எழுந்து நின்று கைதட்டினார், அவரைப் பார்த்துத்தான் தானும் எழுந்தேன் என்பார். மைதானமே எழுந்து கைதட்டியதை டிவியில் எல்லாரும் பார்த்தார்கள். ஆனால் அந்த ஒரு மனிதரின் முகத்துக்குப் படம் கிடையாது. அப்பாவிடம் அன்று கேமரா இல்லை.

சரி, இடத்துக்கு வருவோம்.

இந்த மைதானம் 1916-ல் தொடங்கியது, இந்தியாவில் இன்னும் ஆட்டம் நடக்கிற மைதானங்களில் ஈடன் கார்டனுக்கு அடுத்த பழமை. ஆனால் இப்போது நாம் பார்க்கிற வடிவம் பெரும்பாலும் 2011 உலகக் கோப்பையை ஒட்டிக் கட்டியது. கூரையைப் பார்த்திருப்பீர்கள், வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டியது மாதிரி இருக்கும். படம் எடுக்கிறவனுக்கு இந்தக் கூரை ஒரு வரம். பகல் வெளிச்சத்தை முழுதாக அடைக்காமல் சலித்துக் கீழே அனுப்புகிறது. கல்யாண போட்டோகிராபர் வெள்ளைக் குடை வைத்து வெளிச்சத்தை மென்மையாக்குவார் இல்லையா, அதே வேலையை இங்கே கூரை செய்கிறது. மதியம் 12 மணிக்குக்கூட கூரைக்குக் கீழே இருக்கிற முகங்களில் மூக்கு நிழல், கண்குழி நிழல் எதுவும் விழாது. கான்கிரீட் கூரை போட்ட மைதானங்களில் பின்வரிசை முகம் இருட்டாகவும் பின்னால் தெரிகிற புல்தரை வெளுத்தும் வரும், இங்கே அந்தத் தொல்லை குறைவு.

இன்னொன்று, ஸ்டாண்டுகளை ஒரே வட்டமாகச் சேர்த்துக் கட்டாமல் நடுவில் இடைவெளி விட்டிருக்கிறார்கள். அந்த இடைவெளியில் மெரினா காற்று உள்ளே வரும். கொடி அசையும், முடி பறக்கும், தோளில் போட்ட மஞ்சள் துண்டு காற்றில் எழும்பும். காற்று இல்லாத மைதானத்தில் கொடி வெறும் துணியாகத் தொங்கிக்கொண்டிருப்பதைப் படம் எடுத்துப் பார்த்தால்தான் இதன் அருமை தெரியும். சாயங்காலம் கடல் காற்று நன்றாக வீசத் தொடங்கிய பிறகு நான் எடுத்த கொடிப் படங்கள் மதியம் எடுத்தவற்றைவிட எவ்வளவோ மேல்.

சீட் விஷயம்தான் முக்கியம், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 2025 சீசனில் சென்னை அணியின் மேட்ச்சுக்கு சி, டி, ஈ ஸ்டாண்டுகளின் கீழ்த்தளம் 1,700 ரூபாய், அதுதான் இருப்பதிலேயே குறைந்த விலை. ஐ, ஜே, கே கீழ்த்தளம் 4,000. கலைஞர் பெயரில் 2023 மார்ச்சில் திறந்த புதிய ஸ்டாண்டின் மாடி 7,500. ரசிகர்களைப் படம் எடுக்க 7,500 ரூபாய் கொடுக்கவே வேண்டாம், சொல்லப்போனால் அது நமக்கு உதவாது. அங்கே உட்கார்ந்தால் மைதானம் அழகாகத் தெரியும், முகங்கள் தெரியாது. மேல்தளத்திலிருந்து கிடைப்பது கூட்டம்தான், ஒரு மஞ்சள் பரப்பு, அதை இரண்டு படம் எடுத்தால் போதும், மூன்றாவது படம் முதல் படம் மாதிரியே இருக்கும். 1,700 ரூபாய் சீட்டில்தான் குடும்பத்தோடு வந்தவர்கள், கல்லூரிப் பசங்க, வெளியூரிலிருந்து காலை பஸ் பிடித்து வந்தவர்கள் என்று எல்லாரும் நெருக்கமாக உட்கார்ந்திருக்கிறார்கள். விலை குறைந்த டிக்கெட்டில் முகம் அதிகம்.

கீழ்த்தளத்திலும் முதல் நாலைந்து வரிசை வேண்டாம். முன்னால் யாரும் இல்லாததால் திரும்பித் திரும்பித்தான் எடுக்க வேண்டும், நாம் திரும்பியதுமே பின்வரிசைக்காரர்கள் கேமராவைப் பார்த்துக் கை காட்டத் தொடங்கிவிடுவார்கள். கை காட்டுகிற படம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். நடு வரிசையில், படிக்கட்டை ஒட்டிய சீட் கிடைத்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. படிக்கட்டின் மறுபக்கத்தில் உள்ள வரிசைகள் பக்கவாட்டில் அடுக்காகத் தெரியும், அவர்கள் பார்ப்பது மைதானத்தை, நாம் எடுப்பது அவர்களை. எட்டு, பத்து முகங்கள் ஒன்றன் பின் ஒன்றாக, எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி, ஒவ்வொன்றிலும் வேறு வேறு உணர்ச்சி. டிக்கெட் எடுக்கும்போது சீட் வரைபடம் காட்டினால் வரிசையின் முதல் எண்ணையோ கடைசி எண்ணையோ பிடித்துவிடுங்கள்.

எந்தப் பக்கம் என்றால், பறக்கும் ரயில் பாதை ஓடுகிற கிழக்குப் பக்கம். அங்கே உட்கார்ந்தவர்கள் மேற்கே பார்த்திருப்பார்கள், சாயங்கால வெயில் கூரைக்கு அடியில் புகுந்து நேராக முகத்தில் விழும். ஏப்ரல் மாதம் ஆறரை மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும், டாஸ் 7 மணிக்கு, முதல் பந்து ஏழரைக்கு. அதனால் மேட்ச் தொடங்கியபிறகு வருகிறவர்களுக்கு இந்த வெளிச்சம் கிடைக்கவே கிடைக்காது. கேட் திறந்ததும் உள்ளே போய்விட வேண்டும். ஐந்தே முக்காலிலிருந்து ஆறே கால் வரை, வீரர்கள் பயிற்சிக்கு இறங்கியிருப்பார்கள், ஸ்டாண்ட் பாதிதான் நிரம்பியிருக்கும், தோனி உள்ளே நடந்து வந்தாலே சத்தம் எழும்பும், அந்த அரை மணி நேரத்தில் முகத்தில் விழுகிற மஞ்சள் வெயிலை ஃப்ளட்லைட் வந்த பிறகு எத்தனை கோடி கொடுத்தாலும் வாங்க முடியாது.

இப்போது குறை. ஐபிஎல் மேட்ச்சுக்கு லென்ஸ் மாற்றுகிற கேமராவை உள்ளே கொண்டுபோக முடியாது. பவர் பேங்க்கும் முடியாது, பையும் முடியாது. இது சேப்பாக்கத்துக்கு மட்டுமான விதி இல்லை, ஐபிஎல் நடக்கிற மைதானங்களில் பொதுவாக இப்படித்தான். போன்தான் கருவி. இதற்குத்தான் அரை மதிப்பெண் போனது, வேறு எதற்கும் இல்லை. ஆனால் போனில் எடுப்பதில் ஒரு நன்மையும் உண்டு என்பதைச் சில மேட்ச்சுக்கு அப்புறம்தான் கண்டுகொண்டேன்: சுற்றி எல்லார் கையிலும் போன் இருக்கிறது, நம் கையில் இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. பெரிய லென்ஸைத் தூக்கினால் அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் முகத்தைச் சரிசெய்துகொள்வார்கள், அதோடு படம் போச்சு.

பேட்டரி விஷயத்தில் எச்சரிக்கையாக இருங்கள். ஒரு மேட்ச்சில் 17-வது ஓவரில் என் போன் அணைந்துவிட்டது, கடைசி 3 ஓவர் முகங்கள் அனைத்தும் கண் முன்னால் நடந்தன, ஒன்றையும் எடுக்க முடியவில்லை. இப்போதெல்லாம் வீட்டிலிருந்து கிளம்பும்போது முழு சார்ஜ், மெட்ரோவில் போனைத் தொடுவதில்லை, உள்ளே போனதும் ஏரோப்ளேன் மோட். பல்லாயிரம் போன்கள் ஒரே டவரைப் பிடித்துத் தொங்கும்போது நெட்வொர்க் தேடியே பாதி பேட்டரி போய்விடும். யாருக்கும் அங்கிருந்தே படம் அனுப்ப வேண்டும் என்ற அவசரம் இல்லாவிட்டால் அணைத்து வையுங்கள்.

மஞ்சளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சேப்பாக்கத்தில் எல்லாரையும் ஏமாற்றுவது அதுதான். படத்துக்குள் பெரும்பகுதி மஞ்சள் வந்தால், போன் இங்கே வெளிச்சமே மஞ்சளாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அதைச் சரிக்கட்ட நீலத்தைக் கூட்டும். முகமெல்லாம் வெளிறி, நோய்வாய்ப்பட்டவர் மாதிரி வரும். எல்லாவற்றையும் நாமே அமைக்கிற ப்ரோ மோட் இருக்கிற போன் என்றால், வெளிச்சத்தின் நிறத்தைச் சரிக்கட்டுகிற வைட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் ஒரு எண்ணில் நிறுத்திவிடுங்கள். ஃப்ளட்லைட் வந்தபிறகு 5,000 கெல்வினுக்கும் 5,500 கெல்வினுக்கும் நடுவில் வைத்தால் எனக்குச் சரியாக வருகிறது. அப்புறம், புது ஜெர்சியின் மஞ்சள் சீக்கிரம் எரிந்துபோகும், துணியின் மடிப்பு தெரியாமல் ஒரே வண்ணத் திட்டாக வரும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, முக்கால் படி குறைத்து எடுங்கள், முகம் கொஞ்சம் இருண்டிருந்தால் வீட்டில் தூக்கிக்கொள்ளலாம், எரிந்த மஞ்சளை மீட்க வழியே இல்லை. கைதட்டல் அசையாமல் வர ஷட்டர் வேகம் 1/500 நொடி, கை லேசாக அசைந்த மாதிரி வந்தால் பரவாயில்லை என்றால் 1/125. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். முகம் நிற்க வேண்டும், கை ஓட வேண்டும், அப்போதுதான் படத்தில் சத்தம் கேட்கிற மாதிரி இருக்கும்.

ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். முன்சீட்டுக்காரரின் பின்மண்டை மட்டும்தான் வெளிச்சமாக வரும்.

எப்போது அழுத்துவது? சிக்ஸர் போகும்போது எடுத்தால் எல்லாரும் எழுந்துவிடுவார்கள், கைகள்தான் கிடைக்கும், முகம் கிடைக்காது. சிக்ஸருக்கு முந்தைய ஒன்றரை நொடி இருக்கிறது பாருங்கள், பந்து மேலே போய்க்கொண்டிருக்கிறது, எல்லைக்கோட்டில் ஃபீல்டர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியவில்லை, மொத்த வரிசையும் வாய் திறந்து கழுத்தை நீட்டி ஒரே கோணத்தில் பார்க்கிறது. அந்த ஒன்றரை நொடிதான் நமக்கு வேண்டியது. பேட் பட்ட சத்தம் கேட்டதும் பந்தைப் பார்க்காமல் பர்ஸ்டை, அதாவது தொடர்ச்சியாகப் பல படம் எடுக்கிற வசதியை, அழுத்திவிட வேண்டும். பந்தைப் பார்க்காமல் இருப்பது கஷ்டம், எனக்குப் பழக இரண்டு சீசன் ஆனது. அது சிக்ஸரா கேட்ச்சா என்று நான் தெரிந்துகொள்வதே முன்னால் இருக்கிற முகங்களிலிருந்துதான்.

தோனி இறங்கும்போது எடுக்கிறவர்கள் அனைவரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. அவர் படியிறங்கி எல்லைக்கோட்டைத் தாண்டும்போது எல்லாரும் போனைத் தூக்கிவிடுவார்கள், பல்லாயிரம் பேரின் முகத்தையும் பல்லாயிரம் போன்கள் மறைத்திருக்கும். அந்த நேரத்துப் படம் திரும்பத் திரும்ப ஒன்றுதான்: இருட்டு, நடுவே போன் விளக்குகள். எடுக்க வேண்டியது அதற்கு முன்னால், விக்கெட் விழுந்த நொடியில். நம் ஆள் அவுட், வருத்தப்பட வேண்டும். ஆனால் அடுத்து வருவது யார் என்று தெரியும். இரண்டும் ஒரே முகத்தில் ஒரே நேரத்தில் வரும், புருவம் சுருங்கியிருக்கும், உதடு சிரிக்கத் தொடங்கியிருக்கும். இந்த முகத்தை நான் வேறு எந்த ஊரிலும் பார்த்ததில்லை.

பெங்களூரு மேட்ச்சில் இது இன்னும் வேறு மாதிரி நடந்தது. அவர்கள் 196 அடித்துவிட்டார்கள், நம் விக்கெட்டுகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன, ஒவ்வொரு விக்கெட்டுக்கும் கூட்டம் தோனியைத் தேடியது, அவர் வரவில்லை. ஏழாவது விக்கெட் விழுந்த பிறகுதான், ஒன்பதாவது ஆளாக வந்தார். சத்தம் வழக்கம்போலத்தான் எழுந்தது. ஆனால் எனக்கு இரண்டு வரிசை முன்னால் பத்து வயதுப் பெண்ணைத் தோளில் தூக்கி வைத்திருந்த ஒருவர், பெண் கத்திக்கொண்டிருக்க, தான் கத்தாமல் ஸ்கோர்போர்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேலே ஒரு முகம் முழு சந்தோஷம், கீழே ஒரு முகம் கணக்குப் போடுகிறது. அன்று நான் எடுத்த இருநூறு சொச்சம் படங்களில் அது ஒன்றுதான் நின்றது. தோனி 16 பந்தில் 30 அடித்தார், சென்னை 50 ரன்னில் தோற்றது, 2008-க்குப் பிறகு பெங்களூரு சேப்பாக்கத்தில் ஜெயித்தது அன்றுதான். 17 வருடம்.

தோற்ற மேட்ச்சில் சீக்கிரம் கிளம்பிவிடாதீர்கள் என்று இதனால்தான் சொல்கிறேன். பாதிக் கூட்டம் 18-வது ஓவரிலேயே எழுந்துவிட்டது, மீதி இருந்தவர்கள் உண்மையில் இருக்க நினைத்தவர்கள். சிவப்பு ஜெர்சியில் நாலு பசங்க, கல்லூரி வயது, ஓசூரிலிருந்து வந்ததாகச் சொன்னார்கள், மேட்ச் முழுக்க மஞ்சளுக்கு நடுவே அடக்கமாக உட்கார்ந்திருந்தவர்கள் கடைசிப் பந்துக்கு எழுந்து ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள், அதில் ஒருவன் அழுதான். பக்கத்தில் இருந்த நம் ஆள் ஒருவர், ஐம்பது வயது இருக்கும், மஞ்சள் துண்டைக் கழுத்திலிருந்து எடுத்து அந்தப் பையன் தோளில் போட்டு, தம்பி ஒரு போட்டோ எடுத்துக்கலாம் வா என்றார். எடுத்துக் கொடுத்தவன் நான். 1999 பற்றி அப்பா சொன்னதை அப்போது நினைத்துக்கொண்டேன்.

உள்ளே எடுப்பது பாதிதான், வெளியே இன்னொரு பாதி. வாலாஜா சாலையும் பெல்ஸ் ரோடும் மேட்ச் நாளில் மாலை நாலு மணிக்கே நிறையத் தொடங்கும். நடைபாதையில் ஜெர்சி விரித்து வைத்திருப்பார்கள், முதுகில் தோனியின் 7 போட்டது ஒரு அடுக்கு, மற்ற எண்கள் எல்லாம் சேர்த்து ஒரு அடுக்கு. கன்னத்தில் வண்ணம் பூசுகிறவர்கள் சின்ன டப்பா, ஸ்பாஞ்ச், வெட்டிய அட்டை வைத்துக்கொண்டு நிற்பார்கள், ஒரு கன்னத்துக்கு என்னிடம் 50 ரூபாய் வாங்கினார்கள். குழந்தை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, அம்மா அதன் தாடையைப் பிடித்துக்கொண்டு, வண்ணம் பூசுகிறவர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிற அந்தக் காட்சிக்காகவே ஒரு மணி நேரம் முன்னதாகப் போகலாம். தெருவில் நல்ல கேமரா வைத்து எடுக்கலாம், ஆனால் அதை உள்ளே கொண்டுபோக முடியாது என்பதால் யாராவது நண்பரிடம் கொடுத்து வைக்கிற ஏற்பாடு வேண்டும். கேட் பக்கத்தில் தெரியாதவரிடம் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள்.

போக வர மெட்ரோதான் சரி. அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கி வாலாஜா சாலையில் நடந்தால் மைதானம். 2025 சீசனில் சென்னை அணியின் மேட்ச் டிக்கெட்டைக் காட்டினாலே மெட்ரோ பயணம் இலவசமாக இருந்தது, கடைசி ரயிலையும் தள்ளி வைத்தார்கள், இதற்கு மனமார நன்றி சொல்ல வேண்டும். ரயிலுக்குள்ளேயே படம் எடுக்கலாம், மொத்தப் பெட்டியும் மஞ்சளாக விசில் அடித்துக்கொண்டு போகும். ஒரு சின்ன விஷயம்: ஏசி ரயிலிலிருந்து வெளியே புழுக்கத்துக்கு வந்ததும் போன் லென்ஸில் ஆவி படியும், கண்ணுக்குத் தெரியாது, முதல் இருபது படம் பனிமூட்டம் மாதிரி வரும். சட்டையால் தேய்க்காமல் ஐந்து நிமிடம் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் தானாகப் போய்விடும். பறக்கும் ரயிலில் வருகிறவர்களுக்கு சேப்பாக்கம் ஸ்டேஷன் மைதானத்தை ஒட்டியே இருக்கிறது.

இந்த ரசிகர்கள் ரயிலோடு சம்பந்தப்பட்டவர்கள்தான். 2018-ல் காவிரிப் போராட்டத்தால் சென்னை மேட்ச்சுகள் புனேவுக்குப் போனபோது, சென்ட்ரலிலிருந்து விசில் போடு எக்ஸ்பிரஸ் என்று தனி ரயிலே விட்டார்கள், ஆயிரம் பேர் அளவுக்கு அதில் போனார்கள். அன்று அந்த ரயிலில் கேமராவோடு இல்லாமல் போனேனே என்று எனக்கு இன்னும் ஆதங்கம் உண்டு.

சாப்பாட்டுக்கு, நேரம் இருந்தால் திருவல்லிக்கேணிக்குள் நடந்து ரத்னா கஃபேயில் சாம்பார் இட்லி. இட்லி மூழ்குகிற அளவுக்குச் சாம்பார் ஊற்றுவார்கள். மேட்ச் நாள் மாலை மஞ்சள் சட்டைகள் வரிசையாக உட்கார்ந்து குனிந்து சாப்பிடுவதும் நல்ல படம்தான், ஆனால் சாப்பிடுகிறவர்களை நான் கேட்காமல் எடுப்பதில்லை.

கேட்பது பற்றி ஒரு வார்த்தை. கூட்டத்தில் ஒவ்வொருவரிடமும் முன்கூட்டி அனுமதி கேட்டால் அந்தக் கணம் போய்விடும், உண்மைதான். நான் எடுத்தபிறகு போய்க் காட்டுகிறேன். வேண்டாம் என்றால் அவர்கள் முன்னாலேயே அழிக்கிறேன். குழந்தை என்றால் அம்மா அப்பாவிடம் கேட்காமல் வைத்துக்கொள்வதே இல்லை. பத்தில் ஒன்பது பேர் அண்ணா எனக்கும் அனுப்புங்க என்று நம்பர் கொடுப்பார்கள், வீட்டுக்கு வந்ததும் அதே இரவில் அனுப்பிவிடுங்கள், மறுநாள் என்று தள்ளினால் மறந்துபோகும். அந்தத் தோள்மேல் பெண் படத்தைப் பிரிண்ட் போட்டு அனுப்ப நினைத்து ஒரு கடையில் கொடுத்தேன், மஞ்சள் முழுவதும் களிமண் நிறத்தில் வந்தது, கேட்டால் உங்கள் ஃபைல் அப்படி என்றார்கள். வேறு கடையில் ஒரு சின்ன சாம்பிள் முதலில் போட்டுப் பார்த்து, பிறகு பெரிதாகப் போட்டேன், சரியாக வந்தது. மஞ்சள் அதிகம் உள்ள படத்துக்கு இந்த சாம்பிள் பழக்கத்தை விடாதீர்கள்.

கடைசியாக, எந்த மேட்ச்? ஐபிஎல் எல்லாரும் போவார்கள். என் கருத்தில் முகங்களுக்கு டெஸ்ட் மேட்ச்தான். நாள் டிக்கெட் 1,000 ரூபாயிலிருந்து கிடைத்தது. நாள் முழுக்க வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்கும், யாருக்கும் அவசரம் இல்லை, டிஜே கிடையாது, யாரும் திரையைப் பார்த்துக் கத்தச் சொல்வதில்லை. கைதட்டல் தானாக எங்கோ ஒரு மூலையில் தொடங்கிப் பரவும். ஒரு நல்ல பந்தை பேட்ஸ்மேன் விட்டுவிட்டார் என்றால் அதற்குக்கூட நாலு பேர் தலையாட்டுவார்கள். நாற்பது வருடமாக இங்கே வருகிறவர்கள், பக்கத்து சீட்டுக்காரரிடம் 1986-ல் இங்கே ஆஸ்திரேலியாவோடு டை ஆன டெஸ்ட்டில் கடைசி விக்கெட் எல்பிடபிள்யூ அவுட்டா இல்லையா என்று இன்னும் வாதாடுகிறார்கள். அந்த வாதம் நடக்கும்போது இரண்டு பெரியவர்களின் கைகளை மட்டும் எடுத்தேன், ஒரு கை பேட், இன்னொரு கை பந்து.

வங்கதேச டெஸ்ட்டின் முதல் நாள், 2024 செப்டம்பர் 19, அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். இந்தியா 144-க்கு 6 விக்கெட். அஸ்வின் இறங்கினார். மாம்பலத்துப் பையன் என்று அப்பா இன்னும் அப்படித்தான் சொல்வார். ஜடேஜாவும் அவரும் சேர்ந்து ஆடத் தொடங்கினார்கள், தேநீர் முடிந்து வெயில் சாய்ந்தது, ஸ்டாண்டில் கைதட்டல் ஒவ்வொரு ரன்னுக்கும் வரத் தொடங்கியது. 90-களுக்குள் போனபோது நான் மைதானத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அப்பா பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன், போனை மடியில் வைத்து, குறி பார்த்து, காத்திருந்தேன். 108 பந்தில் நூறு. சத்தம் வந்ததும் அழுத்தினேன்.

சுற்றி எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். பின்னால் ஒருவர் பையனைத் தூக்கிப்பிடிக்கிறார். அப்பாவும் எழுந்துதான் நிற்கிறார், ஆனால் மைதானத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருக்கிறார். ரன் ஓடியதை அவர் பார்க்கவே இல்லை என்று வீட்டுக்கு வந்தபிறகு சொன்னார். பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன், ஷோகேஸில் வைத்திருக்கிறார்.